கூம்பு ஸ்பீக்கரில் பேசிய பெண்

சவுக்குப்பட்டினம்,
ஜெகதாப்பட்டினம் வழி.
வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

விராலிமலையில் மைக் செட் கடை நடத்தும் மதிப்பிற்குரிய ஆனந்தராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் சந்தனமேரியின் மகள் பிளெஸ்ஸி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அத்தையும் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களும் அவ்வாறே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எனக்குப் பேச வராது என்பது தாங்கள் அறிந்ததே. வாட்ஸ்அப்பில் எழுதினால் தாங்கள் நாலு வரிக்கு மேல் படிப்பதில்லை, உடனே கூப்பிட்டுவிடுகிறீர்கள். ஆகையால் இதைப் பதினொன்றரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் புதுக்கோட்டையில் விராலிமலை பஸ்ஸுக்கு மாற்றிவிட்டால் சாயங்காலம் தங்கள் கையில் இருக்கும். தாங்கள் இன்றிரவே புறப்பட்டு வர வேண்டும். நம் ஊர்ப் படகுகளுக்குத் திங்கள், புதன், சனி தொழில் நாள். இந்தத் திங்களும் போகவில்லை, புதனும் போகவில்லை. நாளை சனியும் போகாது போலிருக்கிறது. காரணம் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எந்த இடத்தில் என் புத்தி என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

போன மாதம் விசைப்படகுச் சங்கத் தலைவர் வெற்றிசெல்வன் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். காற்று, புயல் எச்சரிக்கை வந்தால் இனிமேல் யாரும் மைக்கைப் பிடித்துக் கத்த வேண்டாம், தானே பேசுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வைக்கப் போகிறோம், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், செய்யும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் வரை நேரம் கொடுத்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். அப்புறம்தான் தாங்கள் வந்து படகுத்துறைக் கோபுரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டி, சங்கத்து மாடி அறையில் ஆம்ப்ளிஃபயர் வைத்து, காது முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்றையும் எனக்குத் தந்துவிட்டுப் போனீர்கள். முதலில் ஹெட்போனில் சத்தம் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைப் போட வேண்டும் என்று தாங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் தலைவர் முதல் நாளே அதற்குச் சந்தனம் வைத்து, சுவிட்சைப் போட்டு, கைதட்டி, தொடங்கி வைத்ததை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரிடம் நான் என்னத்தைச் சொல்வது? அன்றிலிருந்து அது எரிந்துகொண்டேதான் இருந்தது.

கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சீட்டுக்கட்டு அளவில் ஒரே ஒரு போர்டு. லினக்ஸில் ஓடும். அதற்கு மூளை உண்டு, தொண்டை கிடையாது. தொண்டைக்காகத் தனியே ஒரு சவுண்ட் கார்டு வந்தது. போர்டின் தலையில் இருக்கும் நாற்பது ஊசிகளின் மேல் அதை உட்கார வைத்து அழுத்த வேண்டும். கார்டின் இரண்டு ஓரத்திலும் சோற்றுப் பருக்கை அளவில் ஒவ்வொரு வெள்ளிப் பொட்டு இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எச்சரிக்கையை என் குரலில் பதியச் சொன்னார்கள், எனக்கு வரவில்லை. ஆகையால் கணினியே படிக்கிற ஓர் ஆண் குரலைப் போட்டுவைத்தேன். போன வியாழக்கிழமை எல்லாவற்றையும் பொருத்தி, பேசு என்று உத்தரவு கொடுத்தேன். பேசிவிட்டேன் என்று திரையில் எழுதியது. ஹெட்போனில் ஒன்றுமில்லை. மறுபடியும் கொடுத்தேன். பேசிவிட்டேன் என்றது. இரண்டு நாள் இப்படியே போனது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் போர்டு சத்தத்தையெல்லாம் டிவி செருகும் துளைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே டிவியே இல்லை. இல்லாத டிவிக்குள் ஓர் ஆள் இரண்டு நாளாகப் புயல், புயல் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு முதுகில் சில்லென்றது, மாமா.

தொடக்கக் கோப்பில் கார்டின் பெயரை ஒரு வரியாக எழுதி, டிவி வழியை அடைத்து, திரும்ப ஓடவிட்டேன். கார்டு பட்டியலில் வந்துவிட்டது. அப்படியும் சத்தம் இல்லை. தேடிப் பார்த்ததில், புதுக் கார்டில் எல்லா வாய்க்கும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புவார்களாம். கறுப்புத் திரையில் கம்பம் கம்பமாக நாற்பதுக்கு மேல் வரிசை, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பூட்டு. எது எதற்கு என்று ஒவ்வொன்றாகப் படித்திருக்க வேண்டும். நான் வலது பக்கம் தள்ளிக்கொண்டே போய் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டேன். ஹெட்போனுக்குரிய கம்பமும் கணினிக் குரலுக்குரிய கம்பமும் மட்டும் இடது ஓரத்தில் பூஜ்யத்தில் நின்றிருக்கின்றன. அவற்றை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மாடி அறைக்குப் போனேன். கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். மனிதர்கள் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வராது. ஆள் இல்லாத அறையில் எனக்கு நிறையவே வரும். இது அம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்கு அந்தக் கார்டிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். "பேசு. ஒரே ஒரு தடவ பேசிரு. நான் இம்புட்டுக் கெஞ்சுறேன்ல" என்றேன். "ஒனக்குள்ள சத்தம் இருக்கு, எனக்குத் தெரியும், ஏன் அடக்கி வச்சுக்கிட்டு இருக்க" என்றேன். கரண்டு ஒருமுறை தாழ்ந்து பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தபோது பயந்துபோய், "போகாத. போயிராத. இப்பப் போனா திரும்பி வர மாட்ட" என்றேன். கோப்பு எழுதி முடிக்கும் முன் அணைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால் அப்படிச் சொன்னேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தால் தெருவில் ஆள் இல்லை. வெயில் இருக்கிறது, வலை பாதி மடித்தபடி கிடக்கிறது, ஒரு சைக்கிள் கீழே விழுந்து கிடக்கிறது, ஆள் மட்டும் இல்லை. நாலைந்து நாய்கள் ஒரே வரிசையில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. நான் ஓடவில்லை, ஓடினால் ஏதாவது பின்னால் வரும் என்று தோன்றியது. வீட்டுக் கதவைத் தொட்டதும் அம்மா என்னை உள்ளே இழுத்துத் தாழ் போட்டாள். அடுத்த வீட்டு இன்னாசியம்மாள் அத்தை, அதுதான் கருவாடு யாவாரம் செய்கிறவர், செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"எங்கடி இருந்த? நீ கேக்கலையா? கோபுரத்துல ஒரு பொம்பளப் புள்ள பேசுச்சுடி. மொதல்ல மூச்சு விட்டுச்சு. நாலு தெருவுக்கும் மூச்சு. அப்பறம் அழுதுச்சு. கடலுக்குப் போற ஆம்பளைங்க பேரெல்லாம் சொல்லி, போனா ஒருத்தனும் கர திரும்ப மாட்டீங்கன்னுச்சு. வெள்ளச் சீல."

ஸ்பீக்கரில் சேலை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்கிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. தெருவுக்குத் தெரு போன செய்தியில் நான் சொன்னது ஒரு வார்த்தை கூட மிஞ்சவில்லை. என் கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ ஆண் குரல். ஆகையால் இது வேறு யாரோ என்று ஊரைப் போலவே நானும் நம்பினேன். ஊரைவிட அதிகமாகவே பயந்தேன், ஏனென்றால் அந்த ஸ்பீக்கரின் மறுமுனையில் தனியாக உட்கார்ந்திருப்பது நான்.

திங்கட்கிழமை காலையில் படகுகள் போகவில்லை. முந்தின நாள் ஏற்றிய ஐஸ் உருகி, படகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கடலில் விழுவதை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்துத் துறையிலிருந்து போன படகுகள் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் நல்ல மீன்பாட்டோடு திரும்பின. அவர்களுக்குக் கோபுரம் இல்லை, சேதி தெரியாமல் போய்விட்டார்கள், அவர்கள் நேரம் நல்ல நேரம் என்று இன்னாசியம்மாள் அத்தை விளக்கம் சொன்னார். நம் வீட்டில் அவர்களிடம் மீன் வாங்கினோம். அம்மா மீன் வாங்கக் கூடையோடு நின்றதை நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் தலைவர், பெட்டியில் ஏதும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னார். கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. போனேன். கதவைச் சாத்தினேன். பயத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெளிச்சத்தம் கேட்காமல் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் காலி அறையைப் பார்த்து, "யாரு நீங்க? எங்க ஊர்ல ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. கொஞ்சம் தெம்பு வந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டே வேலை பார்த்தேன். கீழே நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கோபுரம் யாரு நீங்க என்று கேட்டதும் தலைவர் துறையில் கைகூப்பி நின்று தன் பெயர், அப்பா பெயர், படகு நம்பர் எல்லாம் ஒப்பித்திருக்கிறார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அது எலும்பைக் கடித்துத் தின்றதாம்.

செவ்வாய்க்கிழமை கோபுரத்தடியில் ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் வேப்பிலை. புதன்கிழமையும் படகு நகரவில்லை. அன்று மத்தியானமும் நான் மாடியில் இருந்தேன். பிழைச் செய்தி ஒன்று புரியாமல் எழுந்தபோது, என் பாட்டுக்கு, "வீட்ல காரப்பொடிக் கொழம்பு வச்சிருக்கும், ஆறுறதுக்குள்ள போகணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து காரப்பொடி மீனும் சோறுமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். இன்னாசியம்மாள் அத்தை மூச்சு வாங்க உள்ளே வந்தார். இந்தத் தடவை அவர் கோபுரத்துக்கு நேர் அடியில் நின்று காதாரக் கேட்டிருக்கிறார்.

"சந்தனமேரி, அது போறப்ப என்ன சொல்லிட்டுப் போச்சு தெரியுமா? வீட்ல காரப்பொடிக் கொழம்பு வச்சிருக்கும், ஆறுறதுக்குள்ள போகணும்னுச்சு. இன்னக்கி எவ வீட்லடி காரப்பொடி?"

அம்மா மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டை எடுத்துச் சோறு போட்டு ஓரமாக வைத்தாள். என் வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்தப் பேய் இருக்கிற இடம் அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நேற்று காலை மாடிக்குப் போய், ஹெட்போனைக் கழற்றி வைத்து, ஜன்னலைத் திறந்து, கார்டின் வெள்ளிப் பொட்டில் நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். துறையிலிருந்து, படகு கரையில் மோதினால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அந்தப் பொட்டு இரண்டும் மைக், மாமா. நான் திறந்த பூட்டுகளில் ஒன்று, மைக்கில் விழுவதை யாரையும் கேட்காமல் நேராக ஸ்பீக்கருக்கு விடுகிற வழி. நான் மூச்சு விட்டேன். கோபுரம் மூச்சு விட்டது. மெதுவாக என் பெயரைச் சொன்னேன். கடல் பக்கமாகப் போய்த் திரும்பி வந்த அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. கணீரென்று இருந்தது. என்னை அதற்குத் தெரிந்திருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த வழியை அடைத்துவிட்டேன். ஹெட்போன் கம்பத்தையும் கணினிக் குரலின் கம்பத்தையும் ஏற்றிவிட்டேன். இப்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது. ஆண் குரல் காற்றின் வேகத்தை அழகாகச் சொல்கிறது. ஆனால் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. நேற்று காலையில் காக்கைச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னதோடு சரி, அப்புறம் அந்தப் பெண் பேசவில்லை, கோபித்துக்கொண்டது, அது வாயைத் திறந்து சொல்லாமல் படகை அவிழ்க்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவு எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். அது எங்க, நீ எங்க? போயி மொகத்தக் கழுவு" என்றாள். நினைத்துப் பார்த்தால் அவள்மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு என்னிடமிருந்து கிடைத்தது தலையாட்டலும் அரை வார்த்தையும்தான். இந்த ஊரில் என் முகம் தெரியாதவர் இல்லை. பட்டமளிப்பு அங்கியில் எடுத்த படம் சங்கத்துச் சுவரில்கூட மாட்டியிருக்கிறது. குரல் யாருக்கும் தெரியாது.

நேற்று சாயங்காலம் அப்பா வலையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "அது ஒரு வார்த்த போங்கன்னுட்டாப் போதும், போயிருவோம்" என்றார். அவர் என்னிடம் சொல்லவில்லை, வலையிடம் சொன்னார். மாமா, ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஒரு பூட்டைத் திறந்து, போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முப்பது படகும் போய்விடும். அப்பாவும் போவார். கை வைத்தால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் நான் போகச் சொல்லிப் போய், அங்கே ஒரு காற்று அடித்துவிட்டால்? இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டால்? காற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது கம்ப்யூட்டர். ஆகையால் அதைச் செய்ய மாட்டேன். தாங்கள் மைக் செட்காரர், முப்பது வருடமாக ஸ்பீக்கர் கட்டுகிறவர். தாங்கள் வந்து, இது மைக், இது வயர், பேசினது நம்ம பிளெஸ்ஸி என்று ஊர் நடுவில் சொன்னால் நம்புவார்கள். இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் வீட்டு மாடிக்கு வரும் மயில்களையும் கேட்டதாகச் சொல்லவும். பெரியவர்கள் எல்லோருடைய ஆசியும் எனக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவதால் மறக்காமல் அனுப்பிவைக்கவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ரா. பிளெஸ்ஸி, பி.எஸ்சி.

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். மேலே எழுதியிருப்பது நேற்று எழுதியது. பதினொன்றரை பஸ் வந்தது. கண்டக்டரைப் பார்த்துக் கையில் கவரோடு நின்றேன். எப்படிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இரண்டு மணி பஸ்ஸும் அப்படியே போனது. ஆகையால் தாங்கள் வரவில்லை, அது தங்கள் குற்றமில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு நானே மாடிக்குப் போய் அந்தப் பூட்டைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "நான் பிளெஸ்ஸி. ராக்கன் மக. இத்தன நாளா நீங்க கேட்டது என் சத்தந்தான். நான் பெட்டிகிட்டப் பேசுனேன், ஒங்ககிட்டப் பேசல. தெரியாமத் தெறந்து வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. போறதும் இருக்கறதும் ஒங்க இஷ்டம்." இத்தனை பேரிடம் இவ்வளவு வார்த்தை நான் பேசியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இறங்கி வந்தபோது ஊரே நின்றது. யாரும் கத்தவில்லை. எனக்கு வழி விட்டு விலகினார்கள். விலகியது மரியாதைக்கு என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"கேட்டீங்கள்ல? யாரப் புடிச்சிருக்குன்னு அதுவே பேரோட சொல்லிருச்சு" என்றார் இன்னாசியம்மாள் அத்தை. "நம்ம பிளெஸ்ஸி இம்புட்டுப் பேச்சு பேசுமா? பச்சப் புள்ள."

நான்தான் அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோபுரத்தில் கேட்ட அந்தக் கணீர்க் குரல் வந்தது. எல்லோரும் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்கள். வெற்றிசெல்வன் அண்ணன் தூரத்திலிருந்தே என்னைக் கும்பிட்டுவிட்டு, கோபுரத்தில் இருந்தது இறங்கி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது, இனிமேல் கடலுக்குப் பயமில்லை, படகை அவிழ்க்கலாம் என்றார். ஏழரை மணிக்குள் முப்பது படகும் போய்விட்டன. அப்பா படகின் பின்பக்கம், பின்னணியத்தில் நின்று, மறைகிற வரைக்கும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகையால் மேலே கேட்டுக்கொண்டதை மறந்துவிடவும். தாங்கள் வர வேண்டாம். தாங்கள் வந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அதைப் பாதிப் பேர் நம்பினாலும், என்னிடம் இல்லாதது திரும்பக் கோபுரத்துக்குப் போய்விட்டது என்று ஆகிவிடும். திங்கட்கிழமை படகு போகாது. இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவேன் என்று யோசிக்க வேண்டாம். நான் துறைப் பக்கம் போனால் பஸ் தானாகவே நிற்கிறது.

அம்மாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. சற்று முன் நல்ல தட்டில் சோறு போட்டு என் எதிரில் வைத்துவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இதுவரை என்னை வாங்க, போங்க என்று அவள் சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க புள்ளய எப்பங்க விட்டுட்டுப் போவீங்க?" என்று கேட்டாள். அழுதுகொண்டே இன்னும் அங்கேயே நிற்கிறாள். நான் பதில் சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மாமா. என்ன சொன்னாலும் அந்தக் குரலில்தானே சொல்ல வேண்டும்.